இன்னும் ஒரு சுற்று

பாலேரிப்பட்டில் சும்மா இருக்கிறவர் என்று யாரையும் காட்ட முடியாது. கொல்லைக்காட்டில் வேலை இல்லையென்றால் ஆளுக்கொரு கலை கையில் வைத்திருப்பார்கள். கெடார் சாலையில் பிரிந்து ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வரும் டீக்கடைக்காரர் தேவா, சித்திரை மாதம் முழுக்கக் கூத்தில் பாஞ்சாலி. மீசையை எடுத்துவிட்டு அவர் கடையில் நிற்கும் அந்த ஒரு மாதம், டீ எவ்வளவு தண்ணீராக இருந்தாலும் அவரைத் திட்ட யாருக்கும் வாய் வராது. குடிதண்ணீர் டேங்க் திறந்துவிடுகிறவர் மிருதங்கம் வாசிக்கிறார். லூர்துமேரி போட்ட கோலத்தை மிதிக்க மனசில்லாமல் அம்மன் தேரையே ஒரு முழம் தள்ளி இழுத்தோம் என்று ஊரார் பெருமை அடிப்பார்கள். நான் கேட்டவரையில் தேர் அன்றைக்குத் தானாகத்தான் தள்ளிப் போனது. ஆனாலும் கோலம் நல்ல கோலம்.

இந்த ஊரில் வல்லரசுவின் வேலை, துரியோதனனுக்கு முகம் வைப்பது.

திரௌபதை அம்மன் திருவிழாவின் கடைசி நாள் படுகளம். கோயிலுக்கு எதிர்த்த களத்தில், ஏரி மண்ணைக் கொட்டி நாற்பதடி நீளத்துக்குத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். கை கால் உடம்பெல்லாம் ஊரே சேர்ந்து குவிக்கும். முகமும் வலது தொடையும் மட்டும் வல்லரசுவின் பொறுப்பு. தொடைக்குள்ளே குங்குமம் கரைத்த தண்ணீரை ஒரு கலயத்தில் ஊற்றிப் புதைக்க வேண்டும். கூத்துக்காரர்களில் துரியோதனன் கட்டியவர் மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார், பீமன் துரத்துவார். கடைசியில் பீமன் கதையால் அந்தத் தொடையில் அடிக்கும்போது கலயம் உடைந்து சிவப்பு பீறிட்டு வரவேண்டும். அதைத் தொட்டுத் தலையில் தடவிக்கொண்டுதான் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். அப்புறம் ஊரே ஓடி வந்து அந்த உடம்பிலிருந்து கைப்பிடி மண் எடுத்துப் போகும். நெல் குதிரிலும், மல்லாட்டை என்று ஊரில் சொல்லும் வேர்க்கடலை விதை மூட்டையிலும் போட்டுவைத்தால் அந்த வருடம் குறை வராது.

வல்லரசுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, இரண்டு மாடு, அம்சா என்று ஒரு நல்ல மனைவி. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அண்ணன் தாண்டவராயன்தான் வளர்த்தார். பத்தொன்பது வயதில், முகம் வைக்க வரவேண்டிய முகையூர்க்காரர் வராமல் போன வருடம், கூட்டத்தில் நின்ற தம்பியைப் பிடித்து மண்ணுக்கு முன்னால் தள்ளியவரும் அவர்தான். "எங்க வல்லரசு வெப்பான்யா, கம்முனு குந்து" என்று ஊர்த்தலைவரான நாட்டாரிடம் சொன்னாராம். அதற்கு முன் வல்லரசு மண்ணில் செய்தது பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு பிள்ளையார் மட்டும்தான், அதற்கும் தும்பிக்கை விழுந்துவிட்டது. ஆனால் அண்ணன் சொன்னால் செய்யத்தானே வேண்டும்.

தாண்டவராயன் இருபத்திரண்டு வருடம் துரியோதனன் வேஷம் கட்டினார். நிற்கிற துரியோதனன் அண்ணன், படுக்கிற துரியோதனன் தம்பி வைத்தது என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். கேலிதான், ஆனாலும் இரண்டு பேருக்கும் அதில் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மூன்று வருடத்துக்கு முந்தின படுகளத்தோடு முடிந்தது.

அன்றைக்கு வல்லரசு மீசையில் மயங்கிவிட்டார். கரியை அரைத்து அவர் இழுத்த மீசை இரண்டு பக்கமும் வாள் மாதிரி வந்துவிட்டது. இரும்பை ஊர்ப் பக்கத்திலிருந்து வேனில் வந்த கேமராக்காரர்கள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. கூத்துக்காரர்கள் ஓட ஆரம்பித்த பிறகுதான் கோயில் பின்பக்கம் வேப்பமரத்தடியில் கலயம் அப்படியே இருப்பது நினைவுக்கு வந்தது.

தொடையில் ரத்தம் வராத படுகளத்தை அந்த ஊர் மன்னிக்காது. மழை பெய்யாவிட்டாலும் வல்லரசு, மாடு செத்தாலும் வல்லரசு என்று ஆகிவிடும். ஓடிப்போய்க் கலயத்தைத் துண்டில் மறைத்து எடுத்து வந்தார். எல்லாருடைய கண்ணும் ஓடுகிறவர்கள் மேல் இருக்க, தொடைக்குப் பக்கத்தில் குந்தி அவசரமாகக் குழி பறித்தார். வெயிலில் மேல்மண் இறுகிப்போயிருந்தது. பாதிக் குழி ஆகும்போது தாண்டவராயன் சுற்றி வந்துவிட்டார். அங்கேதான் அவர் நிற்க வேண்டும், அங்கேதான் அடி விழவேண்டும்.

கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கனக்க, முகத்து அரிதாரம் வேர்வையில் வழிய, அண்ணன் தம்பியைப் பார்த்தார். வலது கையால் மாரைத் தொட்டுக் காட்டினார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

வல்லரசு ஒரு விரலைத் தூக்கினார். இன்னும் ஒரு சுற்று.

அண்ணன் அந்த விரலை ஒரு நொடி பார்த்தார். பிறகு, சரி என்று தலையசைத்துவிட்டு ஓடினார்.

கலயம் குழியில் உட்கார்ந்தது, மண்ணும் மூடியது. அண்ணன் தலைப்பக்கம் திரும்பி வரும்போது கால் பின்னி விழுந்தார். கூட்டம் கைதட்டியது. அப்படி ஒரு விழுதலை யாரும் பார்த்ததில்லை. பீமன் ஓடி வந்து மண் தொடையில் அடித்தார். சிவப்பு ஒரு ஆள் உயரம் பீறிட்டது. வல்லரசுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'வைத்தான் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. துரியோதனன் விழுந்துவிட்டால், பாஞ்சாலி கூந்தல் முடிக்கும்வரை யாரும் அவனைத் தொடக்கூடாது. தேவா அன்றைக்கும் எப்போதும்போல நிதானமாக எண்ணெய் வைத்து, சீவி, பூ வைத்து, பாடிப் பாடி முடித்தார். கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் தாண்டவராயன் குப்புறக் கிடந்தார். தூக்கப் போனபோது உடம்பில் உயிர் இல்லை. பெரியாஸ்பத்திரியில், விழும்போதே போயிருக்கும் என்றார்கள். அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு வல்லரசுவின் வலது கை அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சாப்பிட உட்கார்ந்தால், சோற்றில் கை வைப்பதற்கு முன் அந்த விரல் தானாக நிமிரும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும்போது நிமிரும். "இன்னாய்யா ஒண்ணு?" என்று கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அம்சா முதலில் சிரித்தாள், பிறகு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கையாவது பரவாயில்லை. முகம்தான் அவரை ஆட்டி வைத்தது. அடுத்த வருடம் துரியோதனனுக்கு மூக்கு வைத்துக் கன்னத்தைத் தட்டி எழுந்து பார்த்தால், அண்ணன் படுத்திருந்தார். இடது புருவத்தில் சின்ன மேடு, கீழுதட்டில் ஒரு பக்கச் சாய்வு. வல்லரசு வைக்கவில்லை, அதுவாக வந்திருந்தது. பதறிப்போய் வழித்துப் போட்டுப் பூசணிக்காய் மாதிரி ஒன்றை உருட்டி வைத்துவிட்டு வந்தார். அதற்கு அடுத்த வருடமும் அதே கதை. "முன்ன மாதிரி இல்லயே, மூஞ்சில களை பத்தலையே" என்று ஊர் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. முக்கியமாக அண்ணி கெங்கம்மாளிடம். சொல்லாமல் அந்த வீட்டு வாசலை மிதிப்பது ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூசியது. சொன்னால் அந்த வாசலே இல்லாமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். கெங்கம்மாளோ அந்த இரண்டு வருடமும் படுகளத்துக்கு வரவில்லை, மண்ணும் எடுக்கவில்லை.

இந்த வருடம் வல்லரசு முதல் வேலையாகக் கலயத்தைப் புதைத்தார். விடிந்ததும் புதைத்துவிட்டு மூன்று தடவை தட்டிப் பார்த்தார். பிறகு முகத்துக்குப் போனார். காலை ஒன்பது மணிக்கெல்லாம் அண்ணன் வந்துவிட்டார்.

வழித்துப் போட மண்வெட்டியை எடுக்கும்போது பின்னால் குரல் கேட்டது. "இரு. எடுக்காத."

கெங்கம்மாள் தூக்கில் கேப்பைக் கூழோடு நின்றிருந்தார். களத்தில் அப்போது வேறு ஆள் இல்லை. பந்தல்காரர்கள் தூரத்தில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தூக்கை இறக்கி வைத்துவிட்டு, மண் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார்.

"அவரேதான்" என்றார். "புருவத்து மோடு கூட வெச்சிக்கிறியே."

வல்லரசு மண்வெட்டியைக் கீழே போட்டார். அண்ணன் முகத்துக்கு எதிரிலேயே நின்றுகொண்டு இனியும் மறைக்க அவரால் முடியவில்லை. "அண்ணி, உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் கலயத்த மறந்துட்டேன் அண்ணி. அண்ணன் சுத்தி வரும்போது நான்தான் வெரலக் காட்டினேன். இன்னொரு சுத்து ஓடுன்னு. அந்தச் சுத்துலதான்..." மண் அப்பிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கெங்கம்மாள் அழவில்லை. "தெரியும்" என்றார்.

வல்லரசு முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"நம்ம பொண்ணு கலைப்பிரியா போன்ல வீடியோ எடுத்துக்கினு இருந்தா இல்ல? எத்தினி வாட்டி பாத்திருப்பேன். அவ பின்னால நின்னுதான் எடுத்துக்கிறா. அவரு முதுகுதான் தெரியுது. நீ எதுருல குந்திக்கினு வெரலத் தூக்குற. கண்ணாடி மாதிரி கீது."

"மூணு வருசமாத் தெரியுமா?"

"தெரியும். நீயா சொல்லுவியான்னு பாத்துக்கினு இருந்தேன். சொல்லிட்ட." பெருமூச்சு விட்டார். "உனக்கு இன்னா தெரியும், அவருக்கு இப்பிடி ஆவும்னு? கூத்துன்னா கூட ஒரு சுத்து ஓடத்தான் சொல்லுவாங்க. அவரு வளத்த புள்ள நீ. உன்ன நான் வெறுப்பனா? வுடு."

மூன்று வருடப் பாரம் இவ்வளவு லேசாக இறங்கும் என்று வல்லரசு நினைக்கவில்லை. காலில் விழப் போனவரைக் கெங்கம்மாள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், தம்பி. அன்னிக்குக் காலையிலயே மாரு பிசையிற மாதிரி கீதுன்னாரு. போவாதய்யான்னேன். சாமி காரியம்னு கெளம்பிட்டாரு. வீடியோல முதுகுதான் தெரியுது. நீதான் மூஞ்சியப் பாத்த. அவரு வலி கீதுன்னு எதனா காட்னாரா? வேணாம்னாரா?"

வீடியோவில் இல்லாதது அந்த ஒன்றுதான். உலகத்தில் அதைப் பார்த்தது இரண்டு கண்.

வல்லரசு அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அது அப்போதே கொஞ்சம் தெளிந்திருந்தது. பதிலுக்காக அல்ல, ஒரே ஒரு பதிலுக்காகக் காத்திருந்தது. பக்கத்தில் மண்ணில் அண்ணன் கீழுதட்டைச் சாய்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"இல்ல அண்ணி" என்றார் வல்லரசு. "சிரிச்சிக்கினேதான் ஓடினாரு."

அண்ணி மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, இப்போதுதான் கிடைத்த மன்னிப்பு கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து சொன்னாரா? என்னைக் கேட்டால் இரண்டும்தான். எது முன்னால் வந்தது என்று அவருக்கே தெரியாது.

கெங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக, சிரிப்பு போல ஒன்று அவர் முகத்தில் வந்து போனது. "போதும். இது போதும்பா. அந்த மூஞ்சிய மாத்தாத. ஊரு எதனா சொன்னா எங்கிட்ட அனுப்பு. கூழக் குடி, ஆறிப்போவுது."

பகல் கூத்து நன்றாக நடந்தது. இந்த வருடத் துரியோதனன் முகையூர் பக்கத்து ஆள், இளவட்டம், மான் மாதிரி ஓடினார். மண் முகத்தைப் பார்த்த பெரியவர்கள் சிலர் "தாண்டவராயன்யா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரும் மாற்றச் சொல்லவில்லை. முகம் இப்படி ஒருநாளும் வந்ததில்லை என்று கேமராக்காரர்கள் சொன்னார்கள். துரியோதனன் ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் வல்லரசு வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பீமன் அடித்தார், சிவப்பு பீறிட்டது. தேவா கூந்தலை முடித்தார்.

சனம் மண்ணெடுக்கப் பாய்ந்தது. கை, கால், இடுப்பு எல்லாம் சரசரவென்று கரைந்தன. முகத்தையும் அதை ஒட்டிய மாரையும் மட்டும் யாரும் தொடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கெங்கம்மாள் வந்தார். அவர் வந்ததைப் பார்த்து எல்லாரும் வழி விட்டார்கள்.

"தம்பி, நீயே எடுத்துக் குடு" என்று முந்தானையை விரித்துப் பிடித்தார். "மாருல எடு. வலியில்லாமப் போன மாரு அது."

வல்லரசு குனிந்தார். அண்ணன் அன்றைக்குத் தொட்டுக் காட்டிய இடம் அவருக்குத் தெரியும். வலது கையை அங்கே ஊன்றினார். வெயில் பட்டு மேலே வெடித்திருந்தாலும் உள்ளே மண் ஈரமாக, சில்லென்று இருந்தது. ஒரு கைப்பிடி அள்ளி அண்ணியின் முந்தானையில் போட்டார்.

கெங்கம்மாள் அதை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். முடிச்சை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, நாளைக்குச் சாப்பிட அம்சாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.

வல்லரசு எழுந்திருக்கவில்லை. மாரில் விழுந்த பள்ளத்தில் கை அப்படியே இருந்தது. அந்தக் கையில் ஒரு விரல் மட்டும் நிமிர்ந்திருந்தது.