மம்மலியின் மனைவிக்கு முகம் கிடையாது

கிண்ணியாவில் பஸ்மியா தன் புருஷனோடு ஒரு சண்டை பிடித்தால் அது இரண்டு தரம் நடக்கும். முதல் தரம் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். இரண்டாம் தரம், சில கிழமை கழித்து, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில்.

புருஷன் றிஸ்விக்குச் சைக்கிள் கடை. விரலில் கிறீஸ் போகாத அந்த மனுஷன்தான் ‘வாசல் மம்மலி’ என்ற படக்கதையை வரைகிறார். கலியாணமான வருஷம் தொடங்கியது, மகள் பிள்ளை பெற்ற பிறகும் நிற்கவில்லை. கதை எப்போதும் ஒன்றுதான். மம்மலி ஏதாவது பிழை செய்துவிட்டு வாசலில் நிற்பான். குசினிக்குள்ளிருந்து மனைவியின் ஏச்சு பறந்து வரும். அவள் முகத்தை யாரும் கண்டதில்லை.

“என்னய மட்டும் பேப்பர்ல கீறிப்போடாதீங்க” என்று பஸ்மியா அந்தக் காலத்திலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். றிஸ்வி சத்தியத்தை மீறவில்லை. முகத்தை விட்டுவிட்டு வாயை எடுத்துக்கொண்டார். மம்மலியின் மனைவி ஏசுவதெல்லாம் பஸ்மியா ஏசியது, ஒரு சொல் பிசகாமல்.

அப்போது பாலம் இல்லை. பேப்பருக்குப் போகிற படங்களைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் கடலைக் கடக்க வைக்க வேண்டும். காற்றடித்தால் பாதை ஓடாது என்று பயந்து றிஸ்வி பல வாரத்துக்குச் சேர்த்தே அனுப்பிவிடுவார். பாலம் வந்தும் பழக்கம் போகவில்லை. வீட்டில் ஆறிப்போன சண்டை பேப்பரில் சூடாக வரும். பக்கத்து வீட்டு றுமானா வட்டிலப்பத்தோடு ஓடி வருவாள்.

“அழாதீங்க ராத்தா, ஆம்புளயள் அப்பிடித்தான்.”

ராத்தாவோ அந்த நேரம் புருஷனோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை மதினி ஆக்கிய மீனாணம் வாயில் வைக்க ஏலாது என்று பழித்ததும் அச்சில் வந்துவிட்டது. இரண்டு பெருநாளுக்கு மதினி வாசல் மிதிக்கவில்லை.

பிறகு மம்மலி வானொலி நாடகமானான். யாரோ ஒரு நடிகை மூக்கால் ஏசினாள். சந்தையில் பிள்ளைகளும் பஸ்மியாவின் பின்னால் மூக்கால் கத்தின. பள்ளிக்கூட மேடையில் திரைக்குப் பின்னால் நின்று ஒரு மாஸ்டர் ஏசினார். ஊர் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் ஏசி முடித்ததும் மீன் தலையை அவள் புருஷனின் சோற்றில்தான் வைப்பாள். அது படக்கதையின் எந்தக் கட்டத்திலும் வந்ததில்லை. ஊருக்கு அவள் வெறும் ஏச்சு.

இந்த வருஷம் உப்புவெளியிலிருந்து சஜீத் என்றொரு பொடியன் வந்தான். மம்மலியை போனில் பார்க்கிற கார்ட்டூனாகச் செய்யப்போகிறானாம்.

“அவக்கு முகம் வேணும் சாச்சி. முகமில்லாம ஏலாது.”

பஸ்மியா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். இதுவரை குரல்தான் சந்தைக்குப் போனது. இனி முகமும் போகும், வாயைத் திறந்தபடி.

றிஸ்வி ஆசையாகக் கீறிப் பார்த்தார்.

“இது நானா? இது உங்கட உம்மா.”

இன்னொன்று கீறினார்.

“இது பொலிஸ்காரன்.”

மூன்றாவது தரம் அவர் பென்சிலை வைத்துவிட்டு அவளை நல்லாப் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பிறகு அவர் கீறிய முகம் அவளேதான். கோணல் முன்பல்லும், சிரிப்பை அடக்குகிற உதடும்.

“வடிவாத்தான் இரிக்கு. தரமாட்டன்” என்று அந்தத் தாளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

“அப்ப கார்ட்டூன்?” சஜீத் அழாத குறை.

“அவ ஏன் வெளிய வரணும்? அவன உள்ள வரச் சொல்லுங்க தம்பி. இவ்வளவு காலமும் வாசல்லதானே நிக்கான். வந்து பாக்கட்டும், அவ ஏன் ஏசுறாண்டு.”

முதல் கார்ட்டூனில் மம்மலி குசினிக்குள் வந்தான். எல்லாம் அவன் மனைவியின் கண்ணால் தெரிந்தது, அவள் முகம் மட்டும் தெரியவில்லை. சோறு பொங்கி வழிந்தது, மீன் பாதி வெட்டிக் கிடந்தது, பேரப்பிள்ளை அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதது. நடுவில் மம்மலி, காலை எங்கே வைப்பதென்று தெரியாமல். தேங்காயைத் திருவ உட்கார்ந்தான். உடனே மனைவியின் ஏச்சு வந்தது.

“தேங்காயத் திருவச் சொன்னா செரட்டையத் திருவுறீங்களே, நாங்க என்ன பலகையா திங்கிற?”

பஸ்மியா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “இத நான் எப்ப சொன்ன?”

“நீ சொல்லல்ல புள்ள” என்றார் றிஸ்வி. “எனக்கு நானே ஏசின.”

“ம். பரவால்ல, பழகிட்டீங்க.”