மழை பெய்யாத மூலை

செருப்பைக் கழற்றியதும் நேரே கூடத்தின் நடுவில் போய் நின்று மூன்று முறை கை தட்டுகிறார். சுவர்களைச் சுற்றிப் பார்க்கிறார். "ரூம் பெரிய வாயாடியா இருக்கு சார். ஒண்ணு சொன்னா ஒம்பதா திருப்பிச் சொல்லுது. கெட்டியா ரெண்டு திரைச்சீலை போடுங்க" என்கிறார். உட்காருங்கள் என்று நாம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்தித் தருவது அவர் தொழில். எங்கள் வட்டாரத்தில் அவருக்குச் சரவுண்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கையெழுத்துப் போட மட்டும் வைத்திருக்கிறார்.

நான் வாங்கி வந்த ஹோம் தியேட்டர் பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்து மிரண்டுபோய், ஐந்து புள்ளி ஒன்று என்றால் என்ன, அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் ஒன்று யார் பெற்ற பிள்ளை என்று அவரிடம் கேட்டேன்.

"குடும்பம்னு வச்சுக்குங்க. நடுவுல இருக்கிற சென்டர், வீட்டுக்கு மூத்த மருமக. பேச்செல்லாம் அவ தலையிலதான். ரெண்டு பக்கமும் மகனுங்க, பாட்டும் கூத்தும் அவங்க பாடு. பின்னாடி ரெண்டும் பக்கத்து வீட்டுக்காரங்க. எப்பவாவதுதான் வாயைத் திறப்பாங்க, திறந்தா நாம திரும்பிப் பார்க்கணும். அந்தப் புள்ளி ஒண்ணு சப்வூஃபர், மாமனார். உறுமுறது கேட்கும், எந்த மூலையிலேர்ந்துன்னு தெரியாது."

லாஸ்லெஸ், பிட்ரேட் எல்லாம் துணி மடிப்பதில் முடிந்தன. "பாட்டை அமுக்கிப் பெட்டியில அடைக்கிறோம். லாஸ்லெஸ்னா, எடுத்து உதறினா ஒரு கசங்கல் இருக்காது. பிட்ரேட் கம்மின்னா பாதித் துணியை வீட்டிலேயே விட்டுட்டுக் கிளம்பிட்டோம்னு அர்த்தம்." ஒரு மாதம் கையேட்டைப் புரட்டியும் என் மண்டையில் ஏறாதது ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது.

எங்கே போனாலும் மனைவியை அழைத்து வருவார். பை தூக்கத்தான் என்பார். பையோ அவர் தோளில்தான் இருக்கும். அந்த அம்மா சோபாவின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சரவுண்டு மழைச் சத்தத்தை ஓடவிடுவார். மடியில் இருக்கும் கையில் ஒரு விரல் லேசாக ஒரு பக்கம் அசையும். உடனே இவர், "பின் வலதுல ரெண்டு டெசிபல் ஏத்தணும்" என்று தீர்ப்புச் சொல்வார். டெசிபல் என்றால் மருந்தா மாத்திரையா என்றுகூட அந்த அம்மாவுக்குத் தெரியாது. அலுப்பில் கண்ணயர்கிறார் பாவம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு வேலை முடிகிற நேரத்தில் என் மைத்துனன் வந்து சேர்ந்தான். பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புக்கு அவன் செயலாளர். பன்னிரண்டு பேரும் ஹோம் தியேட்டர் வாங்கியிருந்தார்கள். "ஆள் வேலை தெரிஞ்சவரான்னு பார்த்துட்டுத்தான் மாமா கொடுப்பேன்" என்றான். எதையும் சோதித்துப் பார்க்காமல் அவன் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். சோபாவில் இருந்த அம்மாவிடம், "நீங்க உள்ள அக்காகூட இருங்கம்மா. அவர் தனியா சொல்லட்டும்" என்றான். சரவுண்டு பேயறைந்தவர்போல் நின்றார்.

தண்ணீர் எடுக்கப் போனபோது சமையலறையில் அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அவருக்கு இடது காது சுத்தமா கேட்காதும்மா. வலதுல பாதிதான். எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பார்த்துச் சமாளிச்சுடுவாரு. இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் யாரும்மா வேலைக்குக் கூப்பிடுவா?" தண்ணீரை மறந்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினேன்.

அதற்குள் மைத்துனன் அவரைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கவைத்து, பெட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் வயரைக் கழற்றியிருந்தான். மழை தொடங்கியது. அவரைத் தன் பக்கம் திருப்பி, "அஞ்சு ஸ்பீக்கர்ல ஒண்ணுல மழை இல்லை. எதுன்னு சொல்லுங்க" என்றான். பின்பக்கம் இடது மூலையில் பொட்டுச் சத்தமில்லை என்பது எனக்கே தெரிந்தது. இருமிக் காட்டலாமா என்று பார்த்தேன். இருமினால் மட்டும் அவருக்குக் கேட்கப்போகிறதா?

சரவுண்டு அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போய், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்தார். மருமகள், மகன்கள், பின் வலது. கடைசியாக இடது மூலையில் வைத்த கையை எடுக்கவில்லை.

"இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஊர்ல இல்லை சார்" என்றார்.

"கையாலேயே கண்டுபிடிக்கிறார் மாமா!" மைத்துனன் வாயைப் பிளந்தான். இதற்குமேல் வித்தையே கிடையாது என்பது அவன் முடிவு.

சரவுண்டு பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயரை மாட்டத் தொடங்கினார். அந்த முதுகைப் பார்த்து மைத்துனன் சொன்னான்: "பன்னெண்டு வீடும் உங்களுக்குத்தான். திங்கட்கிழமையே ஆரம்பிச்சிடுங்க."

அவர் திரும்பவே இல்லை. திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, ரொம்பத்தான் கிராக்கி பண்ணிக்கிறாரு?"

"திங்கட்கிழமை வந்துடறோம் தம்பி" என்று சமையலறை வாசலிலிருந்து அந்த அம்மா குரல் கொடுத்தார். வந்து கணவர் பக்கத்தில் குனிந்து தோளைத் தொட்டார். அவர் திரும்பியதும் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பிறகு இன்னும் இரண்டு.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சிடுசிடுத்த சரவுண்டு, நீட்டியபடியே இருந்த அந்த இரண்டு விரல்களையும் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.