சொந்தக்காரர் இல்லாத ஊர்

ஐரோப்பாவில் பதினொரு நாடுகளுக்குப் போயிருக்கிறேன். ஒன்றையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் மண்டபங்கள்தான். ஜெர்மனியில் கல்யாணம், சுவிஸில் ஒரு பெட்டை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு, நோர்வேயில் செத்தவீடு. வான் வண்டியில் எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு போவோம். மண்டபத்துக் கழிப்பறையில் உடுப்பு மாற்றுவோம். பாட்டுப்பெட்டி அலறும். பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாமலே தலையை ஆட்டுவோம். வீடியோக்காரருக்கு முகம் காட்டிவிட்டு, சோறு தின்றுவிட்டுத் திரும்பி வருவோம். கோபன்ஹேகனில் கடல் உண்டு என்கிறார்கள். எனக்குத் தெரியாது. அங்கே ஒரு விளையாட்டு மண்டபத்தின் கூரை எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லுவேன்.

குறையாகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். குறையாகத்தான் சொல்கிறேன். போகாவிட்டால் கோபிப்பார்கள். போனாலும், ஏன் ஒரு நாள் கூடுதலாக நிற்கவில்லை என்று கோபிப்பார்கள். இந்த விஷயத்தில் என் வாய் சும்மா இருந்ததில்லை. எத்தனையோ வீட்டு வாசலில் நான் ஏதாவது சொல்லிவிட்டு வர, என் மனைவி பின்னால் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள். முப்பது வருடமாக அவளுக்கு அது ஒரு தனி வேலை.

அவளுடைய சம்பள வேலை வேறு. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. காலை ஐந்தரைக்குத் தொடங்கி, அலுவலகக்காரர் வருவதற்கு முன் முடிக்க வேண்டும். நான் இத்தாலிய உணவகம் ஒன்றில் சமையல்காரன். நான் வேலை முடிந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் எழும்பும்போது நான் தூங்கியிருப்பேன். கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில் எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாக விழித்திருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதிலும் பாதி மாதா கோயில் பூசைக்குப் போய்விடும். பூசைக்கு அவள் போவாள், நான் வாசலில் நிற்பேன்.

போன வருடம் அவளுடைய இருதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முதல்நாள் பின்னேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். மருத்துவர் படம் வரைந்து விளக்கிவிட்டுப் போயிருந்தார். எனக்கு அவரோடு கோபம், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டோடு கோபம், திறக்காத ஜன்னலோடும் கோபம். பயம் என்று அதற்குப் பெயர் என்பது இப்போது தெரிகிறது.

அவள் என் கையைப் பிடித்தாள்.

“இஞ்சாருங்கோ. நான் தப்பி வந்தா, எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊருக்கு என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“என்னத்துக்கு?”

“அந்தப் படத்தைப் பாக்க.”

“எந்தப் படம்?”

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறாள் போல. அவளுடைய அலுவலக நடைவழியில், கண்ணாடி போட்ட ஒரு படம் தொங்குகிறதாம். மங்கள வார்த்தை. வானதூதர் வந்து மாதாவுக்குச் சொல்லுகிற காட்சி. தூதருக்குப் பல நிறங்களில் சிறகு. மாதா ஒரு சின்ன மர இருக்கையில். பின்னால் வெறும் சுவர். அசலை இத்தாலியில், புளோரன்ஸில், ஒரு பழைய துறவி மடத்துச் சுவரிலேயே தீட்டியிருக்கிறார்கள் என்று அலுவலகத்து அம்மா ஒருநாள் சொல்லியிருக்கிறா. பத்தொன்பது வருடம் என் மனைவி அந்தக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறாள்.

“துடைக்கேக்கைதான் பாக்கலாம். நிண்டு பாத்தா அடுத்த அறை பிந்திப்போகும். ஒருக்கா ஆறுதலாப் பாக்கவேணும்” என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டும் ஒன்றுதான்.

தப்பி வந்தாள். ஆறு மாதம் மெல்ல மெல்லத் தேறினாள். நான் ரயிலுக்கு இடம் பதிந்தேன். மிலானில் மாறிப் போக வேண்டும். மூன்று நாள் தங்கல். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். ஏனென்றால் புளோரன்ஸில் எங்களுக்கு ஒருவரும் இல்லாவிட்டாலும், பக்கத்தில் பொலோனியாவில் என் மாமாவின் மகன் இருக்கிறான். இத்தாலி என்ற சொல் வாயில் வந்தால் போதும், பிறகு நாங்கள் போவது அவனுடைய வீட்டுக்குத்தான்.

பிழை விட்டது நான். போவதற்கு முந்திய சனிக்கிழமை, எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில், ஃபொபூர் சேன்-தெனி வீதியில் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடைக்குப் போய், பருத்தித்துறை வடை நான்கு பைக்கற் எடுத்து வைத்தேன். ரயிலில் தின்ன.

கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எங்கை அண்ணை பயணம்?”

“லூர்துக்கு” என்றேன். வாய் தானாகச் சொன்னது. லூர்து இந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிற மாதா கோயில்; மனைவி தப்பி வந்ததற்கு நேர்த்தி என்று நினைக்கட்டும், வேறு கேள்வி வராது என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் சனத்திடம் சொல்லக்கூடாத பொய் அது ஒன்றுதான். லூர்துக்குப் போகிறேன் என்றால் பயணம் உனக்கு மட்டும் சொந்தமில்லை. மாதாவைக் கும்பிடும் வேதக்காரர், சைவக்காரர் என்று பார்க்க மாட்டார்கள், வெறும் போத்தலைக் கையில் தருவார்கள், ஊற்றுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வரச் சொல்லி. மெழுகுதிரி கொளுத்தச் சொல்வார்கள். அரை மணித்தியாலத்தில் பக்கத்துக் கடை, முடிவெட்டும் கடை, மேல்மாடி என்று செய்தி போய்விட்டது. ஏழு வீட்டுப் போத்தல்கள் சேர்ந்தன. ஒருவர் ஐந்து லீற்றர்க் கலனே கொண்டுவந்து வைத்தார்.

கடைக்காரர் கடைசியில் ஒரு துண்டுக் கடதாசி தந்தார். அவருடைய மகனின் பெயர். கீழே நட்சத்திரம், ராசி. கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கிற மாதிரியே எழுதியிருந்தார்.

“தம்பி, மாதாவுக்கு நட்சத்திரம் எல்லாம் தேவையில்லை.”

“ஒரே பேரிலை எத்தினை பேர் இருக்கிறாங்கள், அண்ணை. மாறிப்போகக் கூடாதெல்லே” என்றார். பிறகு குரலைக் குறைத்தார். “வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம். துலூஸிலை இருக்கிறானாம். ஃபோன் எடுத்தாக் கட் பண்ணுறான். ஒருக்கா எடுத்து ‘அலோ’ எண்டு சொன்னாக் காணும்.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கடதாசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

போத்தல்களைப் பால்கனியில் ஒளித்தேன். மனைவி உடுப்பு காயப்போடப் போனாள்.

“உதென்ன போத்திலுகள்?”

சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“மாதாவைச் சாட்டிப் பொய் சொன்னியளோ? உங்களுக்கென்ன விசரோ?”

“சொல்லாட்டி உம்மை நிம்மதியா விடுவினமோ?”

அவள் போத்தல்களை எண்ணினாள். கடதாசியை வாங்கி வாசித்தாள். இருந்து யோசித்தாள். நான் பயந்தது மாதிரியே வந்தது.

“இத்தாலி வேண்டாம். லூர்துக்கே போவம். இத்தினை பேர் நம்பித் தந்திருக்கினம்.”

“படம்?”

“படம் எங்கையும் போகாது. சுவரிலைதானே கிடக்கு.”

படம் போகாது. அவள்? மருத்துவர் வால்வுக்கு எத்தனை வருடம் உத்தரவாதம் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் தன் ஆசையை உடுப்பு மாதிரி மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். முப்பது வருடமாக அப்படித்தான் மடித்து வைத்திருக்கிறாள். போத்தல்களை இரண்டு பைகளில் போட்டேன். கதவை அடித்துச் சாத்திவிட்டு ஆர்.ஈ.ஆர் ரயில் எடுத்தேன்.

லாச்சப்பலில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன். “நான் சொன்னது பொய். நாங்கள் இத்தாலிக்குப் போறம். லூர்துக்கு ஆவணியிலை எங்கடை சனத்தின்ரை பஸ் போகேக்கை போறம், அப்ப தாங்கோ.” கலன்காரர் கதவை முகத்தில் சாத்தினார். ஒரு அம்மா, “உந்த வயசிலை உனக்கு என்னடா பொய்?” என்றா. மற்றவர்கள் சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் நின்றேன்.

கடைசியாகக் கடைக்காரர்.

“எனக்கு அண்டைக்கே தெரியும், அண்ணை. லூர்துக்குப் போற சனம் ரெண்டு பைக்கற் வடைதான் வாங்கும். நாலு எண்டா எல்லை தாண்டுற ஆள்.”

அவருடைய கடதாசியை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“உது இருக்கட்டும். என்ன பாக்கப் போறியள் அங்கை?”

“மாதா படம் ஒண்டு. உன்ரை அக்காவுக்குப் பாக்கவேணுமாம்.”

“பிறகென்ன? சொல்லிவிடுங்கோ.”

“அது படம்தான், தம்பி.”

“எங்கடை வீட்டிலை அம்மனும் படம்தான், அண்ணை.”

கடதாசியோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பொலோனியாவிலிருந்து ஃபோன் வந்தது. லாச்சப்பலில் சொன்னால் அவ்வளவு நேரம்தான் எடுக்கும். மனைவி பக்கத்தில் இருந்தாள், ஸ்பீக்கரில் போட்டேன்.

“மச்சான், வாறியளாம்! ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதே? கறி வைக்க றாலும் வாங்கிப்போட்டன். சனிக்கிழமை சின்னவளின்ரை பிறந்தநாள், மண்டபமும் எடுத்தாச்சு.”

“நாங்கள் புளோரன்ஸுக்குத்தான் வாறம்.”

“அது இஞ்சை இருந்து முக்கால் மணித்தியாலம். எங்கடை வீட்டிலை நிண்டு, நேரம் கிடைச்சா ஒரு பின்னேரம் போய்ப் பாப்பம். அக்கா பிறந்தநாள் கேக்கைப் பிடிச்சுக்கொண்டு வந்தா நல்லா இருக்கும். படம் எங்கை ஓடப்போகுது?”

மனைவி என் முழங்கையைத் தொட்டு, “ஓம் எண்டு சொல்லுங்கோ, கோவிப்பார்” என்று வாயசைத்தாள். அவளுடைய முகத்தில் அந்தப் பழைய மன்னிப்பு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது.

“வரமாட்டம்” என்றேன்.

“என்ன?”

“வரமாட்டம். உன்ரை அக்கா முப்பது வருஷமா எல்லாற்றை மண்டபத்திலையும் கேக் பிடிச்சவ. இந்த மூண்டு நாள் அவ ஒருத்தற்றை முகமும் பாக்க வேண்டாம். படத்தைப் பாக்கட்டும்.”

“ஒரு படத்துக்காக எங்களை வெட்டுறியோ?”

“ஓம். ஒரு படத்துக்காக.”

அவன் வைத்துவிட்டான். இன்றுவரை எடுக்கவில்லை. எடுப்பான், ஏதாவது கல்யாணம் வரும்.

மனைவி, “கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்” என்றாள். எழும்பிப் போய் இரண்டு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். அவள் திரும்ப எடுத்து மன்னிப்புக் கேட்கவில்லை. என் வாயால் அவளுக்கு ஒரு பிரயோசனம் வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த மடம் இப்போது அருங்காட்சியகம். படம் மேல்மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் இருக்கிறது. படிகளைப் பார்த்ததும் எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது, இவ்வளவு உயரத்தில் ஏன் வைத்தார்கள் என்று. ஆறு படி ஏறுவாள், நிற்பாள். மூச்சு எடுப்பாள். நான் பின்னால் கையை விரித்துக்கொண்டு ஏறினேன். படி திரும்புகிற இடத்தில் அவள் நிமிர்ந்தாள். அங்கிருந்தே படம் முழுதாகத் தெரிகிறது.

“பெரிசு” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சப் படிகளையும் கண்ணை எடுக்காமல் ஏறினாள்.

எனக்கு ஓவியம் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். மாதாவும் தூதரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் நெஞ்சில் கையைக் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் இருப்பது ஒரு மாளிகை இல்லை. கழுவித் துடைத்துவிட்ட வெறும் இடம். அங்கே ஒரு சத்தமும் இருக்காது என்று தோன்றியது. பாட்டுப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரு படம் காதுக்கு இதமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மனைவி கைப்பையைத் திறந்தாள். கடைக்காரரின் கடதாசி. அதோடு அவள் ஒவ்வொரு வீடாக ஃபோனில் கேட்டுத் தன் கையால் எழுதிய இன்னொன்று, போத்தல் தந்த மற்ற வீட்டுக்காரர் எல்லாருடைய வேண்டுதலும். கலன்காரருடையதும் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விட்டுவிட்டுக் கடதாசியைப் பார்க்கத் தொடங்கினாள்.

“இஞ்சை தாரும்” என்றேன்.

“என்ன?”

“தாரும். நான் சொல்லுறன். நீர் படத்தைப் பாரும்.”

“உங்களுக்கு மன்றாடத் தெரியுமே?”

“வாசிக்கத் தெரியும்.”

வாங்கிக்கொண்டேன். அவளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் அவளும் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடுவாள். நடைவழியில் துறவிகள் இருந்த சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு அறைக்குள் போனேன். அதன் சுவரிலும் ஒரு மாதா இருந்தா. பூசைக்கு வாசலில் நின்ற ஆள், உள்ளே நின்று வாசித்தேன். இந்தப் பெண்ணுக்கு முழங்கால். இந்தப் பெடியனுக்கு விசா. இவருக்கு நித்திரை. பிறகு கடைக்காரரின் மகன். பெயரைச் சொன்னேன், நட்சத்திரத்தையும் ராசியையும் சொன்னேன். “துலூஸ்” என்று நானே சேர்த்துச் சொன்னேன், மாறிப்போகாமல் இருக்க. ‘அலோ’ என்றால் போதும் என்றும் சொன்னேன்.

திரும்பி வந்தபோது அவளை இருக்கையில் கண்டேன். காவலுக்கு இருந்த பெண் தன் நாற்காலியைத் தூக்கி வந்து கொடுத்திருக்கிறாள். ஆட்கள் வந்து, படம் பிடித்து, போய்க்கொண்டிருந்தார்கள். என் மனைவி மடியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிப்போட்டியளோ?” என்றாள், திரும்பாமல்.

“ஓம்.”

“நட்சத்திரமும்?”

“ஓம். நட்சத்திரமும்.”

பக்கத்தில் நின்றேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். மத்தியானத்தோடு மூடுகிற இடம் அது. மூடப்போகிறோம் என்று காவல்காரப் பெண் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். மனைவி எழும்பினாள், நாற்காலியைத் தானே தூக்கப் போனாள், அந்தப் பெண் விடவில்லை. இரண்டு படி இறங்கிவிட்டு என் மனைவி நின்றாள்.

“நான் இன்னும் பாத்து முடியேல்லை. நாளைக்கும் வருவமே?”

அடுத்த நாளுக்கு வேறு இரண்டு இடங்களுக்கு நுழைவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. திரும்ப மேலே ஏறிப் போய், காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.