என் நிலாவைத் திருடியவர்

அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கல்கத்தாவில், டாலிகஞ்ச் அரசு ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, எனக்குத் தணிக்கை அலுவலகத்தில். அங்கேதான் எனக்கு டெலஸ்கோப் பைத்தியம் பிடித்தது. வாங்க வசதியில்லாததால் அதற்கான குழிக்கண்ணாடியை நானே தேய்த்து உருவாக்கினேன். சமையலறை மூலையில் ஒரு டிரம்மை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடியை வைத்து, கார்போரண்டம் என்கிற உரைபொடியைத் தூவி, சுற்றிச் சுற்றி வந்து ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோனது. "சோறு பொங்குற இடத்துல மண்ணைப் போட்டு அரைக்கிறியே" என்று கணவர் அலுத்துக்கொள்வார். ஆனாலும் டிரம் நகராமல் பிடித்துக்கொள்வது அவர்தான்.

குழாய் தயாரானதும் மொட்டை மாடிக்கு ஏற்றினோம். படம் எடுப்பது லேசான காரியமாக இல்லை. லென்ஸைக் கழற்றிய பழைய கேமராவைப் பொருத்தினால், ஷட்டர் விழுகிற அதிர்விலேயே நிலா கலங்கிவிடும். குழாயின் வாயைக் கறுப்பு அட்டையால் மறைத்துக்கொண்டு ஷட்டரைத் திறப்பேன். ஆட்டம் அடங்கியதும் அட்டையைக் கண்ணிமைக்கும் நேரம் விலக்கிவிட்டு மறுபடி மூடுவேன். வியாழனும் சனியும் எள்ளளவுதான் விழுந்தன. குளிர்காலம் வந்தால் சாயங்கால அடுப்புப் புகை வானத்தை மூடிவிடும். துர்கா பூஜை முடிந்து புகை இன்னும் கவியாத கொஞ்ச நாட்களில்தான் எனக்கு அந்த அரைநிலா கிடைத்தது. பள்ளங்களின் விளிம்பெல்லாம் கத்தியால் கீறினாற்போல் இருந்தது. பிரிண்டைக் கையில் வாங்கியபோது ஸ்டூடியோ வாசலிலேயே அழுதுவிட்டேன்.

எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் செயலாளர் எங்களுக்கு மேல் வீட்டில் இருந்த பெரிய அதிகாரி. பொங்கல் மலருக்கென்று அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போனார். மலர் அட்டையில் என் நிலா வந்தது. கீழே 'படம்' என்று போட்டு அவர் பெயர் இருந்தது.

படியிலேயே மடக்கிக் கேட்டேன்.

"பிரஸ்காரன் பண்ணின தப்பும்மா" என்றார். நான் நகராமல் நிற்கவும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யோசிச்சுப் பாரு. ஒரு லேடி இருட்டினப்புறம் மொட்டை மாடியில தனியா நின்னு படம் எடுத்தான்னு போட்டா நல்லாவா இருக்கும்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதோடு விட்டாரா? அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டினார். ஒரு விருந்தில் என் மேலதிகாரியிடமே அதைக் காட்டி, "பனியில ரொம்பக் கஷ்டப்பட்டு எடுத்தேன் சார்" என்றார். நான் அங்கே தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நான் நிற்பது அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே சிந்தனைதான். பஸ்ஸில், ஆபீசில், துணி உலர்த்தும்போதெல்லாம் அந்த ஆளை என்ன செய்யலாம் என்றே மனசு ஓடியது. "விட்டுத் தொலையேன்" என்றார் கணவர். அப்படிச் சொன்னதற்காக அவரோடும் சில நாள் பேசவில்லை.

அடுத்த மலருக்குச் செயலாளரே தேடி வந்தார்.

"இந்த வருஷம் முழு நிலா கிடைக்குமாம்மா?"

"கண்டிப்பா சார்" என்றேன்.

மாவை நன்றாகப் புளிக்கவிட்டு, எண்ணெய் விடாமல் ஓர் ஊத்தப்பம் வார்த்தேன். டிபன் டப்பா மூடியை வைத்து ஓரத்தை வட்டமாக நறுக்கினேன். கிழிந்த குடைத்துணியின் மேல் வைத்து, மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தேன். ஓட்டைகள் பள்ளங்களாகவும், சிவந்த திட்டுகள் நிலாவின் கறைகளாகவும் விழுந்தன. முதலில் எடுத்ததெல்லாம் ஊத்தப்பமாகவே இருந்தது. ஃபோகஸைத் துளி கலைத்ததும் நிலா ஆகிவிட்டது. பிரிண்ட் போட்ட ஸ்டூடியோக்காரர் விளக்கடியில் பிடித்துப் பார்த்து, "தாருண், தீதி!" என்றார். பிரமாதம், அக்கா என்று அர்த்தம்.

கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "யார் பேரு சார் போடுவீங்க?" என் பெயர் என்று சொல்லியிருந்தால் அங்கேயே படத்தைத் திருப்பி வாங்கியிருப்பேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். அட்டையில் ஊத்தப்பம், அடியில் அவர் பெயர்.

விழாவில் மலரை உயர்த்திப் பிடித்தபடி, சால்வையும் குரங்குக் குல்லாவுமாக நிலாவுக்குக் காத்திருந்த கதையை மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்து எழுந்தேன்.

"சார், இந்த நிலாவை எந்தக் கல்லுல சுட்டீங்க?"

அவருக்குப் புரியவில்லை. அதே ஃபிலிமில் எடுத்த மற்றப் படங்களை முன்வரிசைப் பெண்களிடம் கொடுத்தேன். ஒன்றில் தோசைத் திருப்பி, ஒன்றில் சட்னிக் கிண்ணம், கடைசியில் நான் பாதி தின்ற நிலா. கண்ணாடி போட்ட ஒரு மாமி மலர் அட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இது ஊத்தப்பம்னா!" என்று கத்தினாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள்.

"நீதானேம்மா கொடுத்தே?" என்றார், மைக் அணையாமல் இருப்பதை மறந்து.

"ஆமா சார். போன வருஷத்து நிலாவும் நான் கொடுத்ததுதான்" என்றேன். அதுவும் எல்லாருக்கும் கேட்டது.

அவர் மனைவி அதன்பின் என்னோடு பேசவில்லை. சில நாள் கழித்துச் செயலாளர் அந்தச் சட்டம் போட்ட படத்தை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கீழே ஒட்டியிருந்த பெயரை அவரையே சுரண்டி எடுக்கச் சொன்னேன். கத்தியும் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே சுரண்டினார்.

"டீ போடட்டுமா?" என்று உள்ளிருந்து கணவர் கேட்டார்.

"வேண்டாம், சார் கிளம்புறார்" என்றேன்.

அந்த வருஷமே அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பிறகு வெப்கேம் வந்தது. அதில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சனியின் வளையத்தில் இருக்கும் இடைவெளியைக்கூட எடுத்தேன். எல்லாப் படத்திலும் மூலையில் என் பெயர் இருக்கும், கொஞ்சம் பெரிதாகவே.

இரண்டாயிரங்களில் ஒருமுறை ஹவுரா ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். என் ரயில் வேறு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. இருந்தாலும் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சௌக்கியமா சார்?"

பேப்பர் இறங்கவில்லை. நானும் அவசரப்படவில்லை.