வாசலில் நின்ற மாணவர்

அடையாறில் நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் எல்லோரும் இளவட்டங்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் மட்டும், இஸ்திரி கலையாத சட்டையோடு, தினமும் வாசலிலேயே நிற்பார். நான் "வாங்க" என்றால்தான் உள்ளே வருவார்.

ஒருநாள் ‘பர்தொனே’ என்ற வினைச்சொல்லை நடத்தினேன். மன்னிப்பது என்று பொருள். லத்தீன் வழி வந்து, ஸ்பானிஷ், இத்தாலியன் எல்லாவற்றிலும் லேசாக உருமாறி இருக்கும் சொல். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். அவர் மட்டும் அந்தச் சொல்லை நோட்டில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மருமக பிரெஞ்சுக்காரப் பொண்ணு சார். பையன் கூட்டிட்டு வந்தப்ப, வாசல்லயே நிக்கவெச்சுத் திருப்பி அனுப்பிட்டேன்."

"மன்னிப்புக் கேக்க இந்த ஒரு வார்த்தை போதுமே சார்" என்றேன்.

"நான் சொல்றதுக்குப் போதும். அந்தப் பொண்ணு திட்டினா எனக்குப் புரிய வேணாமா?"

மறுநாளும் வாசலில் நின்றார். அந்தப் பெண்ணுக்கு அவர் சொல்லாத "வாங்க"வை அவருக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.