நான்காவது மைக்

பிளானோவிலிருந்து ஸ்டெல்லாக்காவின் தம்பி ஆன்டன் கூப்பிட்டபோது நான் ஓக்லண்டில் ஒரு பழைய ஹாலில் சவுண்ட் மிக்சர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மதியம் மூன்று மணி. "அக்கா போயிட்டாங்க குமார். இப்பதான், அரை மணி நேரம் ஆச்சு" என்றார். மேடையில் மூன்று ஜப்பானியப் பெண்கள் கிதாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஆறு வருஷம் கூடவே அலைந்த அந்த இசைக்குழுவின் கடைசிக் கச்சேரி அது. பத்து நிமிடத்தில் ஆரம்பம். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர்களிடம் சொல்லவில்லை.

நியூ ஜெர்சி நண்பர்களுக்கு அவர் சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடிய ஸ்டெல்லா. பார்சிப்பனி ஆபீசில் என்னோடு ஒய்டூகே என்ற இரண்டாயிரமாவது ஆண்டுக் கம்ப்யூட்டர் கோளாறு வேலையில் மண்டையை உடைத்துக்கொண்டவர். மீன் குழம்பை மைக்ரோவேவில் சூடு பண்ணி ஒரு தளத்தையே காலி செய்த தூத்துக்குடிக்காரர். 'தொனாரி' குழுவுக்கு சவுண்ட் பார்த்தவர் என்பது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

அவர் போன சர்ச்சின் அடித்தள ஹாலை ஞாயிறு மதியங்களில் சின்னச் சின்ன இசைக்குழுக்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். மிக்சரை யாரும் பாழாக்கிவிடாமல் சபையிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவரும் முன்வராததால் அக்கா போனார். அன்று வந்தவர்கள்தான் தொனாரி. ஜப்பானிய மொழியில் அடுத்த வீடு என்று அர்த்தமாம். ஒசாகாவிலிருந்து வந்தவர்கள். பாட்டுக்கு இரண்டே நிமிடம், தலைதெறிக்கிற வேகம், ஆனால் மெட்டு மட்டும் அவ்வளவு இனிப்பு. "சண்டை நடக்குற வீட்டுக்குள்ள யாரோ தாலாட்டுப் பாடுற மாதிரி இருக்குப்பா" என்றார் அக்கா என்னிடம், மறுநாள் ஆபீஸ் போகும் காரில்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். மேடையில் ஆட்கள் மூன்று பேர், மைக் நான்கு. நான்காவது, குள்ளமான ஒருத்திக்கு இறக்கி வைத்த மைக். பாடகி மிகாவின் தங்கை சாயாவுக்கு. மிகாவும் சாயாவும் சேர்ந்து பாடித் தொடங்கிய குழு அது. அமெரிக்க விசா கிடைத்த வாரத்தில் சாயா இறந்துபோனாள். கச்சேரிக்கு முன் ஒவ்வொருவரும் மைக்கில் குரல் கொடுத்துப் பார்த்த பிறகு, மூவரும் அந்த நான்காவது மைக்கைப் பார்த்தபடி சும்மா நிற்பார்கள். ஒருவர் பேசி முடிக்கிற அளவு நேரம். பிறகு மிகா தலையை ஆட்டுவாள். "இந்த மைக்கை மட்டும் மூடாதீங்க. அவ வராத அன்னைக்கு நாங்க ஊருக்குத் திரும்பிடுவோம்" என்று மிகா ஸ்டெல்லாக்காவிடம் சொல்லியிருந்தாள்.

முதல் நாளே இரண்டாவது பாட்டில் மிகாவின் குரல் உடைந்துவிட்டது. பாட்டு நின்றது. மிக்சர் மேசையில் மேடைக்காரர்களோடு பேசுவதற்கென்று ஒரு சின்ன மைக் இருக்கும். அக்காவுக்கு என்ன தோன்றியதோ, அதை வாயருகே வைத்து, மிகாவின் காலடி ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும்படி, அந்த மெட்டுக்குக் கீழ்க்குரலை மெதுவாக முனகினார். மிகா சட்டென்று நான்காவது மைக்கைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாடி முடித்தாள்.

அக்கா மாட்டிக்கொண்டது அங்கேதான். அவர்கள் வேன் போன இடமெல்லாம் லீவு போட்டுக்கொண்டு போய், ஒவ்வொரு கச்சேரியிலும் சாயாவாக முனகினார். மூன்று ஆல்பம், எத்தனையோ ஊர். "ஒரு பொய்ய ஒரு நாளோட நிறுத்த முடியலப்பா" என்பார். "தெரிஞ்சா அந்தப் பொண்ணு தாங்க மாட்டா. பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். ஃபாதர் எந்த பேண்டுன்னு கேக்குறாரு!"

ஒருமுறை டெக்சாஸிலிருந்து கூப்பிட்டார். குரல் கரகரத்தது. "தொண்டை கட்டிருச்சு. இன்னைக்கு நான் பாடவே இல்ல. மைக்க மட்டும் தொறந்து வச்சேன். அவ சிரிச்சுக்கிட்டே பாடி முடிச்சுட்டா. யாருப்பா அவ கூட பாடுனது?"

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. "இந்த ஊருக்கு வர பேய்க்கும் விசா வேணுமேக்கா" என்றேன்.

"அவளுக்குத்தான் ஸ்டாம்ப் ஆகியிருந்துச்சே" என்றார். அவர் சிரிக்கவில்லை.

நோய் வந்து தம்பி வீட்டோடு இருந்த கடைசி மாதத்தில், ஓக்லண்ட் பக்கம் பே ஏரியாவுக்கு மாறியிருந்த என்னை இந்தக் கச்சேரிக்கு அனுப்பியவர் அவர்தான். "நீ பாடிராத சாமி, கூட்டம் கலைஞ்சிரும். மைக்க மட்டும் தொறந்து வை." அப்படியே செய்தேன். மேசை மைக்கின் ஒயரைக்கூட நான் செருகவில்லை. மூவரும் நான்காவது மைக்கைப் பார்த்து நின்றார்கள். அக்கா சொன்னதைவிட நீண்ட நேரம் நின்றார்கள் என்று பட்டது. பிறகு ஒரு தடங்கலும் இல்லாமல் எல்லாப் பாட்டையும் பாடினார்கள்.

முடிந்ததும் மிகா நேராக என்னிடம் வந்தாள். "ஸ்டெல்லா எப்ப வந்தாங்க? எங்க உக்காந்திருக்காங்க?" என்றாள் அவளுடைய திக்கித் திணறும் ஆங்கிலத்தில், கூட்டத்தைத் துழாவியபடி.

அப்போதுதான் சொன்னேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க பாடுறது எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள். "என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா? எனக்காகப் பாடுறாங்களேன்னு ஒண்ணும் சொல்லல. டெக்சாஸ்ல ஒரு நாள் தங்கச்சி மட்டும் வந்தா." மேடையில் இருந்த நான்காவது மைக்கைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கு ரெண்டு பேரும் பாடுனாங்க."

அவர்கள் மூவரும் ஒசாகா திரும்பிவிட்டார்கள். மிகாவுக்குத் தெரிந்திருந்தது என்ற ஒரு வார்த்தையை ஸ்டெல்லாக்காவிடம் சொல்ல எனக்குக் கிடைக்காமல் போனதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லியிருந்தால் ஆறு வருஷப் பாரத்தை அவர் இறக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

அன்றைய கச்சேரியின் கேசட் என்னிடம் இருக்கிறது. ஆபீஸுக்குப் போகும்போது காரில் அடிக்கடி போட்டுக் கேட்கிறேன். மூன்று குரல்கள்தான் கேட்கின்றன. எனக்குக் காது போதவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து போடுகிறேன்.