எட்டில் செவ்வாய், கல்கத்தா நேரப்படி

திருவனந்தபுரம் கரமனையில் ஞானசிகாமணி நடத்திய கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்குப் புரோகிராம் எழுதியவர் குற்றாலலிங்கம். வயது முப்பத்தெட்டு. எட்டில் செவ்வாய் என்பதால் கல்யாணம் ஆகவில்லை. முதலாளி ஞானசிகாமணி சர்ச்சுக்குப் போகிறவர். ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது, வருமானத்தில் உண்டு.

2002-இல் பழைய புரோகிராமை மாற்றி எழுதும்போதுதான் அந்த அவமானம் குற்றாலலிங்கத்தின் கண்ணில் பட்டது. இந்தியா முழுவதற்கும் நேரத்தின் பெயர் ‘ஏசியா/கல்கத்தா’ என்றிருந்தது. பத்மநாபசுவாமி பள்ளிகொண்டிருக்கும் ஊரில் பிறந்தவன் லக்கினத்துக்காகக் கல்கத்தாவிடம் கைகட்டி நிற்பதா? அழித்துவிட்டு ‘ஏசியா/திருவனந்தபுரம்’ என்று எழுதினார். கம்ப்யூட்டர் முனகவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அப்படியொரு பெயரைக் கேள்விப்பட்டிராத கம்ப்யூட்டரோ, மரியாதைக்கு எதிர்த்துப் பேசாமல், ஊரார் அத்தனை பேரையும் இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்தில் பிறக்கவைத்தது. ஐந்தரை மணி நேரம் பிசகி லக்கினங்கள் இடம்பெயர்ந்தன. ஒரு மாதமாக யாரும் குறை சொல்லவில்லை. எந்தக் கட்டத்துக்கும் பலன் சொல்ல ஜோசியர்களுக்குத் தெரியாதா என்ன.

அந்த மாதக் கடைசியில் வேலாயுதன் வந்தார். மகள் ஸ்வப்னாவுக்குச் செவ்வாய் தோஷம். தோஷமுள்ள மாப்பிள்ளைதான் வேண்டும். ஸ்வப்னா ஏறும் பஸ்ஸிலேயே நெடுநாளாக ஏறிவந்த குற்றாலலிங்கம், வாழ்க்கையில் முதன்முறையாகத் தம் செவ்வாயை வாழ்த்தியபடி தம்முடைய ஜாதகத்தையே அச்சடித்து நீட்டினார்.

வேலாயுதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “செவ்வாய் அஞ்சிலல்லே நிக்குது. தோஷம் இல்லியே தம்பி.”

“இல்ல மாமா, எனக்கு பலமான தோஷம் உண்டு. ஊருக்கே தெரியும்.”

“பொண்ணு வேணும்னு தோஷத்தை உண்டாக்கப்பிடாது. சுத்த ஜாதகம். வேற இடம் பாருங்க.” அவர் எழுந்துவிட்டார்.

பழைய புரோகிராமில் எட்டு, புதியதில் ஐந்து. இடையில் கைவைத்தது எங்கே என்று குற்றாலலிங்கத்துக்கு உறைத்தது.

“ஒரு சாயா குடிங்க மாமா. பிரிண்டர் கொஞ்சம் சரியில்ல.”

ஊர்ப்பற்றா ஸ்வப்னாவா என்று அவர் அதிகம் தடுமாறவில்லை. திருவனந்தபுரம் அழிந்தது, கல்கத்தா திரும்பியது. செவ்வாயும் பத்திரமாக எட்டில் வந்து உட்கார்ந்தது.

“இது கொள்ளாம்,” என்று புதுத் தாளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார் வேலாயுதன். “மொதல்ல தந்தது யாருக்க ஜாதகம்?”

“வெளிநாட்டுல பொறந்த ஒருத்தருக்கது, மாமா.”

நிச்சயத்துக்கு நாள் பார்த்துச் சொல்வதாக அவர் கிளம்பிய பிறகு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஞானசிகாமணி மெல்லத் தொண்டையைச் செருமினார். “வே லிங்கம், இந்த மாசம் ஜாதகம் வாங்கிட்டுப் போனவங்களுக்கு என்ன சொல்லது?”

“அதுல பாதிப் பேருக்கு கல்யாணம் நிச்சயமாயாச்சு,” என்றார் குற்றாலலிங்கம். “நல்லா இருக்கிற குடும்பங்கள்ல நாம போய் ஏன் சார் குழப்பம் பண்ணணும்?”